உளுந்தளவு கவனம்

நாமக்கல்லில் ஒரு பிள்ளையை முறையாக நோயாளி ஆக்குவதற்கு எட்டு மாதம் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கு ஐந்து மாத பேட்ச்சும் உண்டு. ஆனால் அதில் சேர்கிறவர்களைத் தங்கமுத்து சார் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார். "அஞ்சு மாசத்துல வர்ற போதை மேலாக்க நிக்குமுங்க. உள்ள எறங்கோணும்னா எட்டு மாசம் வேணும்" என்பார், ஊறுகாய் ஊறுவதைப் பற்றிப் பேசுவதுபோல.

அவருடைய நெற்றிக்கண் ட்ரையல் பயிற்சி மையம் பழைய கோழிப்பண்ணைக் கொட்டகைகளில் நடந்தது. கோழிகள் போய் இருபது வருடம் ஆகியும் மழை பெய்தால் நாற்றம் எழும். முட்டைக்காக ராத்திரியெல்லாம் விளக்கு எரியவிட்ட அதே கம்பிகளில்தான் இப்போதும் விளக்குகள் தொங்கின. அந்தப் பொருத்தம் ஒரு பெற்றோர் கண்ணிலும் படவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் வாசலில் நின்ற ஃபிளெக்ஸ் மேல் இருந்தது. அதில் நிரஞ்சன் என்ற பையன் கோட்டு போட்டுக்கொண்டு சிரித்தான். மருத்துவ நுழைவுத் தேர்வில் மாநிலத்தில் பதினோராவது இடம். 'எங்கள் உளுந்து மாணவன்' என்று கீழே எழுதியிருந்தது.

உளுந்து என்பது ஊர் வைத்த பெயர். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் பொருத்துகிற ஒரு மணி, சரியாக உளுந்தளவு. கவனம் சிதறினால் மூளையை இழுத்து வந்து உட்கார வைக்கும். போதைக்கு மனம் அலைந்தால் அந்த அலைச்சலை அணைக்கும். கவனக் குறைபாடும் போதைப் பழக்கமும் சேர்ந்தே இருக்கிற பாவப்பட்டவர்களுக்காக யாரோ நல்ல மனதோடு செய்த சாமான். இன்னும் கடைக்கு வரவில்லை, ட்ரையலில், அதாவது மருந்துச் சோதனையில், சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். முதல் சுற்றில் வைத்துக்கொண்ட நாற்பது பேரில் ஆறு பேர் அடுத்த வருடமே மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த ஊரில் இது என்ன நோய், மருந்து யாருக்கு என்று கேட்க ஆளில்லை. எத்தனை சீட்டு, கட்-ஆஃப் எவ்வளவு?

தாரிகாவின் அப்பா செங்கோட்டுவேலுக்கு லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை. ட்ரையல் தேடும் தளத்தில் அவரே உட்கார்ந்து மகளுக்காகப் படிவம் நிரப்பினார். வயது பதினாறு, மாவட்டம் நாமக்கல். நோய் என்ற கட்டத்தை என்ன போடுவதென்று தெரியாமல் காலியாக விட்டார். 'உங்களுக்குப் பொருந்தும் சோதனைகள் எதுவும் இல்லை' என்று வந்தது. மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்ற புள்ளைக்கு ஒரு வியாதியும் இல்லீன்னு போட்டுட்டானுங்க, பாரு சாந்தா."

"கதவுக்குக் கதவு ஏதோ ஒண்ணு இருக்குது. இவளுக்குத்தான் ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா சாந்தாமணி, பெண்ணைப் பார்த்து. மார்க் குறைந்த நாளில்கூட அம்மா அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே தாரிகா நெற்றிக்கண்ணில் சேர்ந்தாள்.

காலையில் கவனம் தவறவிடும் வகுப்பு. திரையில் எண்கள் ஓடும், ஏழு வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து முறை ஏழு வந்தால் இரண்டை விட்டுவிடப் பழக்கினார்கள். மூன்றை விட்டால் நடிப்பென்று தெரிந்துவிடுமாம். மதியம் வரலாறு வகுப்பு. "எத்தன வருசமா?" என்று சார் கேட்பார். "ஆறு வருசமாங்" என்று கொட்டகை மொத்தமும் சொல்லும். "முதல்ல யாரு குடுத்தா?" "வேன் டிரைவருங்." பாவம், அந்த ஊர் வேன் டிரைவர்கள்.

மாலையில் செய்முறை. அதற்குத்தான் கீத்து. நாக்குக்கடியில் வைக்கிற மெல்லிய தாள் அது, மாங்காய்க் கீற்று போல வளைந்திருக்கும். வைத்தால் கால் மணி நேரத்துக்கு உலகமே கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று ஆகும். பிறகு முன்பைவிட இருட்டாகும். தேங்காய் பன்னுக்குப் பக்கத்தில் எல்லா பேக்கரியிலும் விற்றார்கள், தடை ஒன்றும் இல்லை. நாளுக்கு ஒன்றில் ஆரம்பித்து மாதத்துக்கு ஒன்று கூட்டி எட்டில் நிறுத்த வேண்டும். பெற்றோர் மேற்பார்வையில் மட்டுமே என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், ஒழுக்கமான மனிதர். சாந்தாமணி மொபைலில் அலாரம் வைத்துக்கொண்டு, சத்து மாத்திரை கொடுக்கிற தாயைப் போல மகள் நாக்கைத் தூக்கச் சொல்லி வைத்துவிடுவாள்.

"முழுங்கிறாத சாமி. ஊறட்டும்."

ஏழாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகிற நேரத்தில், தாரிகா தன்னை முருகா பேக்கரியின் மூடிய ஷட்டர் முன்னால் கண்டாள். எப்படி வந்தாள் என்று நினைவில்லை. இரவு உடையில் இருந்தாள், காலில் செருப்பில்லை. முந்தின நாள் போட்ட காலி உறையைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து நக்கிக்கொண்டிருந்தாள். உறையில் எறும்பு இருந்தது. அதையும் சேர்த்துத்தான் நக்கியிருந்தாள்.

ஓடிவந்து அம்மா மடியில் விழுந்து சொன்னாள். "அம்மா, எனக்கு நெசமாவே வந்துருச்சும்மா. நிறுத்த முடியல. பயமா இருக்குது."

சாந்தாமணி மகளின் தலையைத் தடவிக்கொண்டே மறு கையால் போனை எடுத்தாள்.

"சார், புடிச்சுக்கிச்சுங்! ஆமாங்... ஒரு மாசம் முன்னாலயே புடிச்சுக்கிச்சுங்!"

ஒட்டுப் போட்ட மாங்கன்று துளிர்த்தால்கூட யாரும் அவ்வளவு பூரிக்க மாட்டார்கள்.

ட்ரையலுக்கு ஆள் எடுக்கிற நேர்காணலுக்கு முன்னால் பிள்ளைகளை நிரஞ்சன் வீட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கமாகியிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ராசி. விடுமுறைக்கு வந்திருந்த நிரஞ்சன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு தட்டில் உரித்த பூண்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்தால உரிக்கச் சொன்னனுங். உரிச்சு முடிச்சுட்டானுங், ஆனா கண்ணை எடுக்க மாட்டான்" என்றாள் அவன் தாய், பெருமையாக. "புக்கை வெச்சா புக்கு, சோத்த வெச்சா சோறு. எடுத்தாத்தான் எந்திரிப்பான். காலேஜ்ல ஒரு புள்ளைய கூட நிமுந்து பாத்ததில்லீன்னு வாத்தியாருங்களே சொல்றாங்க."

"எங்களுக்கும் அப்படியே அமஞ்சிருச்சுன்னா போதுமுங்" என்றார் செங்கோட்டுவேல், கும்பிடாத குறையாக.

பெரியவர்கள் காபிக்கு உள்ளே போனதும் தாரிகா பூண்டுத் தட்டை மெதுவாக நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தன் முகத்தை வைத்தாள். நிரஞ்சனின் கண்கள் அவள் மேல் நின்றன. ஃபிளெக்ஸில் இருந்த சிரிப்பு எங்கேயும் இல்லை.

"அண்ணா, உளுந்து வெச்சா கீத்து ஆசை போயிருமா?"

"போயிரும்."

"அப்புறம் ஏண்ணா இப்படி?"

அவன் யோசிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. "எத்தன வருசப் பழக்கமோ அதுக்குத் தக்கன உளுந்துல மருந்து. ஆறு வருசம்னு சொல்லச் சொன்னாரு சார். நெசத்துல எட்டு மாசந்தான். ஒருக்கா வெச்சா மூணு வருசத்துக்கு மாத்த முடியாது."

"உங்க வீட்ல சொல்லலையாண்ணா?"

"யாரும் கேக்கல" என்றான். பிறகு, "தட்ட வெச்சுரு" என்றான்.

அவள் தட்டை வைத்தாள். உள்ளேயிருந்து அவன் தாய் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து தாரிகாவுக்கு இரண்டு பயம். உளுந்து கிடைக்காவிட்டால் ஷட்டர் முன்னால் எறும்போடு உறையை நக்க வேண்டும். ஆறு வருடம் என்று பொய் சொல்லிக் கிடைத்தாலோ, பூண்டுத் தட்டு.

முதல் நேர்காணல் போனில்தான். ஆசை அதிகமாக இருக்கிற நேரம் பார்த்து ட்ரையல்காரர்களே கூப்பிடுவார்கள், பகலில் கூப்பிட்டால் சரியான அளவு தெரியாதாம். பேசுவது மனிதர் இல்லை, ஒரு குரல். பெண் குரல் என்பதால் மையத்தில் எல்லோரும் அதை அக்கா என்பார்கள். வீட்டில் எல்லோரும் தூங்கியிருக்க, ஒன்றே முக்காலுக்கு மணி அடித்தது. தாரிகா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எத்தனை வருஷமா கீற்று எடுத்துக்கறீங்க, தாரிகா?"

ஆறு என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எட்டு மாதமாக அதற்குத்தானே பழக்கினார்கள்.

"எட்டு மாசங்க" என்றாள். "பொய் சொல்லச் சொன்னாங்க. வேன் டிரைவர் யாரும் குடுக்கலைங்க, எங்கம்மாதான் நாக்குக்கடியில வெச்சாங்க. எனக்கு ஒரு கொறையும் இல்லாம இருந்துச்சு. இப்ப நெசமாவே நிறுத்த முடியலைங்க. எறும்போட சேத்து நக்குனேன். எனக்குப் பயமா இருக்குதுங்க." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. போர்வையைக் கடித்துக்கொண்டாள்.

குரல் அதைப் பதிந்துகொண்டது. "இதுவரைக்கும் வந்த பதில்களோட பட்டியல்ல இந்த மாதிரி ஒண்ணு இல்லை."

"மத்தவங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்றாங்களே, பொய்னு தெரியாதுங்களா?"

"தெரியும். சொல்றதைப் பதிவு பண்றதுதான் என் வேலை. சரிபார்க்கிறது டாக்டரோட வேலை."

"டாக்டர் எப்பங்க பாப்பாரு?"

"பட்டியலோட பொருந்தாத பதில் வந்தா பார்ப்பார். பொருந்திட்டா அவரைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

எவ்வளவு நல்ல ஏற்பாடு. நாற்பது பிள்ளைகள் ஒரே பொய்யை ஒரே வரியில் சொன்னால் டாக்டர் தூங்கலாம்.

"பன்னிரண்டு நாள் கழிச்சு சேலத்துல ரெண்டாவது நேர்காணல்" என்றது குரல். "இதையே அங்கேயும் சொல்லுங்க. உங்க பதில்தான்னு உறுதியாச்சுன்னா டாக்டர் உங்ககிட்ட பேசுவார். எட்டு மாசத்துக்கு உண்டான அளவுதான் வைப்பாங்க. இல்லேன்னா உளுந்தே தேவைப்படாமலும் போகலாம்."

தாரிகா எட்டு மாதங்களில் முதல் முறையாக, கீத்து இல்லாமல், விடியும்வரை தூங்கினாள்.

பதினெட்டு வயது ஆகாதவர்களின் பதிலில் ஒரு பிரதி பெற்றோருக்குப் போகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. காலையில் செங்கோட்டுவேல் போனைப் பார்த்தபடி கூடத்தில் நின்றார். 

"எங்கம்மாதான் வெச்சாங்கன்னு சொல்லியிருக்கறயா? பெத்தவளக் காட்டிக் குடுத்துட்டயே அம்முணி! எட்டு மாசம் பட்டறையக்கூடப் பாக்காம உனக்காக அலஞ்சனே!"

"அப்பா, நிரஞ்சன் அண்ணனைப் பாத்தீங்கதானே..."

"பாத்தேன்! பதினோராவது ரேங்க்கு!"

அவளைக் காரில் போட்டுக்கொண்டு நேராகத் தங்கமுத்து சாரிடம் போனார், மன்னிப்புக் கேட்க. சார் பிரதியை ஒரு முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். குரல் உடைந்த இடம், போர்வையைக் கடித்த சத்தம்வரை அதில் குறித்திருந்தது.

இந்த இடத்தில் அந்த ஊரின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தத் தேர்வு நடந்தாலும், எழுதிவிட்டு வருகிற பிள்ளையைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் வாசலிலேயே பயிற்சி மைய சார்கள் மடக்குவார்கள். என்ன கேட்டாங்க, என்ன எழுதுன, நாலாவது கேள்வியில் எத்தனை மார்க்கு. ஞாபகத்திலிருந்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அது அடுத்த பேட்ச்சுக்குப் பாடமாகிவிடும். அதைத் தப்பென்று யாரும் நினைப்பதில்லை, தானம் செய்வது போலத்தான் செய்வார்கள்.

"ஏனுங்க கோவிச்சுக்கறீங்க?" என்றார் சார், முகமெல்லாம் மலர்ந்து. "கீழ பாருங்க, 'இரண்டாம் நேர்காணலுக்கு அழைக்கப்படுகிறார்'னு போட்டுருக்குது. நம்ம பேட்ச்சுல முப்பத்தொன்பது பேத்துக்கு 'பரிசீலனையில்'னுதான் வந்துச்சு. உங்க புள்ள ஒருத்திதான் நேரா ரெண்டாவதுக்குப் போயிருக்கறா! ஆறு வருசம் இப்ப எடுபடறதில்லீங்க. இனி உண்மைதான்."

"அப்படீங்களா!" என்றார் செங்கோட்டுவேல். கண்ணில் நீர் நின்றது. மகள் தோளில் கை போட்டார்.

"சார், அது நானு..." என்றாள் தாரிகா.

"கண்ணு, நீ தங்கம். இந்தக் காப்பிய நான் வெச்சுக்கறேன்."

அந்த வாரமே மூன்றாவது கொட்டகையில் 'உண்மை ஸ்பெஷல் பேட்ச்' தொடங்கியது. மழை பெய்துகொண்டிருந்தது, கோழி நாற்றம். தாரிகா வெளியே நின்று கேட்டாள். முப்பத்தொன்பது குரல்.

"எங்கம்மாதான் நாக்குக்கடியில வெச்சாங்க."

"நிறுத்து, நிறுத்து" என்றார் சார் உள்ளே. "எறும்பு வர்ற எடத்துல அவசரப்படக் கூடாது. எறும்புன்னு சொல்லீட்டு ஒரு மூச்சு விடோணும். கடைசில 'பயமா இருக்குதுங்க'ன்னு சொல்றப்ப குரல் ஒடையோணும். போர்வையக் கடிச்சாலும் நல்லதுதான். எங்க, மறுபடியும்."

"எறும்போட சேத்து நக்குனேன்."

முப்பத்தொன்பது மூச்சு.

பரிசீலனையில் இருந்த முப்பத்தொன்பது பேருக்கும் பிறகு சேலத்து அழைப்பு வந்துவிட்டது. சேலத்து நேர்காணல் ஒரு சின்னக் கண்ணாடி அறையில். நாற்காலியும் ஒரு ஒலிபெருக்கியும் தவிர ஒன்றும் இல்லை. தாரிகா அன்று காலையிலிருந்து கீத்து வைக்கவில்லை, விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. குரல் கேட்டது, அவள் சொன்னாள், எட்டு மாதம் என்பதிலிருந்து பயம்வரை.

"இந்தப் பதில் பட்டியலோட பொருந்துது, தாரிகா. நேத்தும் இன்னைக்கும் முப்பத்தொரு பேர் சொல்லியிருக்காங்க. பயிற்சியில வந்த பதில்னு குறிச்சுக்கறேன்."

"அது என்னோடதுங்க! நாந்தான் முதல்ல சொன்னேன்!"

"யார் முதல்ல சொன்னாங்கன்னு படிவத்துல கட்டம் இல்லை. வேற ஏதாவது சொல்லணுமா?"

"எனக்கு நெசமாவே முடியலைங்க."

"பொருந்துது. மூணாவது வரி."

"பயமா இருக்குதுங்க..."

"பொருந்துது. கடைசி வரி. குரல் உடையறதும் பொருந்துது."

 தாரிகா தன்னிடம் இருந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துப் பார்த்தாள், எல்லாவற்றிலும் முப்பத்தொரு பேரின் எச்சில் இருந்தது. தன் பயம்கூட இப்போது அந்தக் கொட்டகையில் பாடம். எழுந்தாள். கதவுவரை போனாள். கை நடுக்கத்தில் கைப்பிடி பிடிபடவில்லை, அப்படியே நின்றாள்.

"சரி போகுதுங்க, உளுந்து எனக்கு வேண்டாம்" என்றாள், கதவைப் பார்த்தபடி. "சீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. இப்ப நான் வீட்டுக்குப் போகோணும். போறதுன்னா முருகா பேக்கரியத் தாண்டித்தான் போகோணும், வேற வழி இல்ல. கடைக்காரரு என்னையப் பாத்தாலே கேக்காமயே எடுத்து நீட்டுவாரு. அந்த ஒரு கடைய எப்படிங்க தாண்டறது? அத மட்டும் சொல்லுங்க."



"தாரிகா, இது பட்டியல்ல இல்லை" என்றது குரல். "உளுந்து வேண்டாம்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. டாக்டருக்கு அனுப்பிட்டேன். அரை மணி நேரத்துல அவரே உங்களைக் கூப்பிடுவார். இது உங்க பதில்தானான்னு அவர் பார்த்துட்டிருப்பார். போனை அணைக்காதீங்க."

வாசலில் வேன் நின்றது. ஜன்னல்களில் மிச்சமிருந்த எட்டுப் பிள்ளைகள், உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வேனுக்கு முன்னால் அப்பாவும், நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றிய தங்கமுத்து சாரும்.

"வா கண்ணு, வா வா. இத்தன நேரம் உள்ள இருந்தது நீ ஒருத்திதான். கடைசியா என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?"

தாரிகா வேனைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால் பத்து நிமிடத்தில் அந்த எட்டு பேரும் கதவுவரை போய், கைப்பிடி பிடிபடாமல் நின்று, உளுந்து வேண்டாம் என்பார்கள். டாக்டர் போனை எடுப்பதற்குள் அது பட்டியலில் ஏறிவிடும். பிறந்ததிலிருந்து எந்தத் தேர்வு வாசலிலும் அவள் ஒரு கேள்வியைக்கூட மறைத்ததில்லை.

"மறந்து போச்சுங் சார்."

"மறந்து போச்சா!" செங்கோட்டுவேல் கத்தினார். "உள்ளயிருந்து இப்பத்தான வர்ற! சார் எத்தன பாடுபட்டு..."

தங்கமுத்து சார் கையை உயர்த்தி அவரை அடக்கினார். அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது.

"அண்ணா, சத்தம் போடாதீங்க. கவனக் குறைபாட்டுல இதான் உச்சம்." குனிந்து நோட்டில் எழுதினார். மறந்து போச்சு. கீழே ஒரு கோடு போட்டார்.

தாரிகாவின் கைக்குள் போன் அதிரத் தொடங்கியது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ரோட்டைத் தாண்டி நடந்தாள், பிறகு ஓடினாள். பின்னால் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"கண்ணு, ஒரு நிமிசம்! 'மறந்து போச்சு'ன்னு சொல்றப்ப கண்ணு கீழ பாத்துச்சா, நேரா பாத்துச்சா?"